மின்னணுப் பூட்டைப் பொருத்துதல்: மரக்கதவும் இரும்புக் கதவும்

நம் நாட்டின் பூட்டுத் தொழில் நெடிய வரலாறு உடையது. உத்தரப் பிரதேசத்தின் அலிகார் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பூட்டுக்குப் பெயர் பெற்றது. பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ஆம் ஆண்டில் பூட்டுத் தயாரிப்பைத் தொடங்கினார். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தொழிலின் அடையாளமாக நெடுங்காலம் விளங்கியது தொங்குபூட்டு. அதனை நாதாங்கியில் மாட்டினால் போதும். கதவைக் குடைய வேண்டியதில்லை. கடையில் வாங்கிய பூட்டும் கதவில் தொங்கும் பூட்டும் ஒரே பொருளே.

இன்று அரசு விருந்தினர் இல்லங்கள், மாணவர் விடுதிகள், பணிபுரியும் மகளிர் விடுதிகள், அலுவலக ஆவண அறைகள் ஆகியவற்றில் மின்னணு மார்ட்டிஸ் பூட்டுகள் இடம்பெற்று வருகின்றன. மார்ட்டிஸ் பூட்டு என்பது கதவின் விளிம்பில் குடைந்து, பலகைக்குள்ளேயே பதித்துப் பொருத்தப்படும் பூட்டு. அதனுடன் எண்பலகை, அட்டை வாசிப்பான், விரல்ரேகை உணரி ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இணையும்போது அது மின்னணு மார்ட்டிஸ் பூட்டாகிறது. பெட்டியில் வந்து இறங்கும்போது இப்பூட்டு பாதிப் பொருள்தான். மீதிப் பாதியைத் தச்சரின் உளியும் கொல்லரின் அரமும் கதவிலேயே செய்து முடிக்கின்றன. அப்பணி சரியாக அமையாவிடில், விலையுயர்ந்த பூட்டும் கள்வனைத் தடுக்காது. அதைவிடக் கேடாக, ஆபத்து வேளையில் உள்ளிருப்பவரை வெளியே விடாது.

கொள்முதல் செய்யும் அலுவலர்களும், கட்டடப் பராமரிப்பைப் பயிலும் மாணவர்களும் பொருத்தும் பணியின் முறைகளை அறிந்திருப்பது ஆகையால் இன்றியமையாதது. அம்முறைகளையும், அவற்றின் பொருளாதாரத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பூட்டின் உறுப்புகள்

மின்னணு மார்ட்டிஸ் பூட்டில் நான்கு முதன்மைப் பகுதிகள் உள்ளன. முதலாவது, கதவுக்குள் பதியும் பூட்டுப் பெட்டி. இதன் விளிம்பில் முகப்புத் தகடு இருக்கும். அத்தகட்டின் வழியாக இரண்டு உறுப்புகள் வெளிவருகின்றன. ஒன்று சாய்நாக்கு, கதவை மூடியவுடன் சுருள்வில்லின் விசையால் தானே சென்று பற்றிக்கொள்வது. மற்றொன்று கட்டைத்தாழ், சாய்வின்றி நேராக நீண்டு, கதவை உறுதியாகப் பூட்டுவது.

இரண்டாவது, வெளிப்புறத் தொகுதி. எண்பலகையும் வாசிப்பானும் கைப்பிடியும் இதில் உள்ளன. மூன்றாவது, உட்புறத் தொகுதி. மின்கலங்களும் மின்சுற்றின் ஒரு பகுதியும் உட்புறக் கைப்பிடியும் இதில் அமைந்துள்ளன. இவ்விரு தொகுதிகளையும் ஒரு மெல்லிய கம்பிவடமும், கைப்பிடிகளைப் பெட்டியுடன் இணைக்கும் சதுரத் தண்டும் சேர்க்கின்றன. நான்காவது, கதவின் நிலையில் பதியும் தாழேற்புத் தகடு. சாய்நாக்கும் கட்டைத்தாழும் இதன் துளைகளில் புகுகின்றன.

மின்னணுப் பகுதியின் வேலை என்ன என்பதைத் தெளிவாக உணர வேண்டும். பெரும்பாலான வகைகளில் சிறிய மின்னோடி ஒன்று வெளிப்புறக் கைப்பிடியைத் தாழுடன் இணைக்கும், அல்லது பிரிக்கும். தாழை இழுப்பது கைப்பிடியைத் திருப்பும் மனிதனின் விசையே. முழுத் தானியங்கி வகைகளில் மட்டும் மின்னோடியே தாழை நகர்த்துகிறது. ஆகவே கதவு தொய்ந்து, தாழ் உராயத் தொடங்கினால், முதல் வகையில் கை வலிக்கும். இரண்டாம் வகையில் மின்கலம் விரைவில் தீரும். இரண்டிலும் குற்றம் மின்னணுவின் மீது சுமத்தப்படும். காரணமோ கீலிலும் நிலையிலும் இருக்கும்.

வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

பூட்டை வாங்கிய பின் கதவை அளப்பது நடைமுறையில் காணப்படும் பெரும் பிழை. கொள்முதல் ஆணை பிறப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கதவுக்கும் ஐந்து விவரங்களைக் குறித்து வைத்தல் வேண்டும்.

முதலாவது, கதவின் தடிப்பு. நம் கட்டடங்களில் 30, 35 மி.மீ. தடிப்புள்ள பலகைக் கதவுகள் மிகுதி. பல பூட்டுகளோ 35 அல்லது 40 மி.மீ. தடிப்புக்கு மேற்பட்ட கதவுகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இதனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். பூட்டுப் பெட்டிக்குரிய குடைவின் அகலம் 18 மி.மீ. எனக் கொள்வோம். 30 மி.மீ. கதவில் இருபுறமும் 6 மி.மீ. மரமே எஞ்சும், 40 மி.மீ. கதவில் 11 மி.மீ. எஞ்சும். ஓர் உதையைத் தாங்குவது இந்த எஞ்சிய மரமே.

இரண்டாவது, விளிம்புத் தொலைவு. கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடித் தண்டின் மையம் வரையுள்ள தூரம் இது. மரக்கதவுக்குரிய பூட்டுகளில் 50, 55, 60 மி.மீ. ஆகிய அளவுகள் வழக்கில் உள்ளன. குறுகிய உலோகச் சட்டங்களைக் கொண்ட கதவுகளுக்கு இதில் ஏறத்தாழ பாதி அளவுள்ள தனிவகைப் பூட்டுகள் தேவை.

மூன்றாவது, கதவின் கை. கீல் வலப்புறமா, இடப்புறமா, கதவு உள்நோக்கித் திறக்கிறதா, வெளிநோக்கியா என்னும் விவரம் இது. சில பூட்டுகளில் சாய்நாக்கைத் திருப்பி அமைக்க இயலும், சிலவற்றில் இயலாது. நூறு கதவுகளுக்கு ஒரே கைப் பூட்டுகளை வாங்கிவிட்டு, பாதிக் கதவுகள் எதிர்ப்புறம் திறப்பதைப் பின்னர் கண்டறிவதால் பொதுப்பணம் வீணாகும்.

நான்காவது, கதவின் உள்ளமைப்பு. உட்புறம் வெற்றிடமான கதவில் பூட்டு வரும் இடத்தில் மரக்கட்டை வைத்திருக்கிறார்களா, எந்த விளிம்பில் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளரின் அடையாளக் குறியிலிருந்தோ, தட்டிப் பார்த்தோ அறிய வேண்டும். சட்டமும் பலகையும் சேர்ந்த பழைய தேக்குக் கதவில், குறுக்குச் சட்டத்தின் முளை நெடுஞ்சட்டத்துக்குள் செருகப்பட்டிருக்கும் மூட்டிலேயே பூட்டுக்குழி வெட்டுதல் கூடாது. அவ்வாறு வெட்டினால் மூட்டு அறுபட்டு, கதவே தளர்ந்துவிடும்.

ஐந்தாவது, கதவின் நிலைமை. கீல்களின் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா, கதவு தரையை உரசுகிறதா, நிலைக்கும் கதவுக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி ஒரே சீராக உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், கோடையில் சுருங்கும். ஆகவே கோடையில் எடுத்த அளவைக் கொண்டு இடைவெளியே இல்லாமல் பொருத்தினால், ஆடி ஆவணியில் கதவு பிடித்துக்கொள்ளும். குறைகள் உள்ள கதவை முதலில் செப்பனிட்ட பின்னரே பூட்டைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

இயந்திரப் பகுதியைப் பொறுத்தவரை, செங்குத்து வகை மார்ட்டிஸ் பூட்டுகளுக்கென ஐ.எஸ். 2209 என்னும் இந்தியத் தர விவரக்குறிப்பு உள்ளது. மின்னணுப் பூட்டுக்கான ஒப்பந்தப்புள்ளி தயாரிப்போர் எண்பலகையின் அழகைப் பற்றி எழுதுமுன், பூட்டுப் பெட்டியின் உறுதியைப் பற்றி எழுத இத்தகைய விவரக்குறிப்பு வழிகாட்டும்.

மரக்கதவில் பொருத்தும் முறை

தேவையான கருவிகள் மிகுதியல்ல. மூலைமட்டம், அளவுநாடா, கூரிய உளிகள், கொட்டாப்புளி, துளைப்பு இயந்திரமும் அதற்குரிய அலகுகளும், திருப்புளி ஆகியவை போதும். உளியின் கூர்மையும் தச்சரின் பொறுமையும் இன்றியமையாதவை.

முதற்படி, குறியிடல். தரையிலிருந்து 900 முதல் 1000 மி.மீ. உயரத்தில் கைப்பிடி அமைவது வசதியானது. சக்கர நாற்காலியில் வருவோரும் இவ்வுயரத்தை எட்டலாம். திருகும் குமிழைவிட அழுத்தித் திறக்கும் நீள் கைப்பிடியே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றது. ஒரே கட்டடத்தில் எல்லாக் கதவுகளிலும் உயரம் ஒன்றாக இருத்தல் நன்று. பூட்டுடன் வரும் அச்சுத்தாளைக் கதவின் விளிம்பில் மடித்து ஒட்டி, துளைகளின் மையங்களைக் கூரிய முனையால் பதிக்க வேண்டும். விளிம்பின் தடிப்பில் நடுக்கோடு ஒன்றை வரைய வேண்டும். இந்த நடுக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால், முகப்புத் தகடும் கைப்பிடியும் அதே அளவு விலகும்.

இரண்டாம் படி, குழி வெட்டுதல். நடுக்கோட்டின் மீது வரிசையாகத் துளைகள் இட்டு, இடையிலுள்ள மரத்தை உளியால் செதுக்கி எடுப்பதே முறை. துளைக்கும்போது அலகு சாய்ந்தால் அது கதவின் முகத்தைக் கிழித்து வெளிவரும். ஆதலால் கதவைக் கழற்றிக் கிடத்தியோ, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தியோ வேலை செய்ய வேண்டும். அலகில் ஆழத்தைக் காட்ட ஒட்டுநாடா சுற்றிக்கொள்வது எளிய பாதுகாப்பு. பூட்டுப் பெட்டி விரலால் தள்ளினால் உள்ளே செல்ல வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. அடித்து இறக்கிய பெட்டி நெளியும். உள்ளே தாழ் இறுகும்.

மூன்றாம் படி, முகப்புத் தகடு படியும் பள்ளம். தகடு கதவின் விளிம்புடன் சமமாக அமையுமளவு மட்டும் செதுக்க வேண்டும். மேடாக நின்றால் நிலையில் உராயும். ஆழமாகப் பதிந்தால் தாழ் நிலைக்குள் செல்லும் நீளம் குறையும்.

நான்காம் படி, தண்டுக்கும் கம்பிவடத்துக்கும் திருகாணிகளுக்கும் உரிய துளைகள். பூட்டுப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டு, இத்துளைகளை ஒரு முகத்திலிருந்து பாதியும் மறுமுகத்திலிருந்து பாதியும் இட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுபக்கத்து மேற்பரப்பு பிய்ந்துவிடும். பெட்டியை உள்ளே வைத்தபடி துளைத்தால் மரத்தூள் அதனுள் புகுந்து தாழை இறுகச் செய்யும்.

ஐந்தாம் படி, பொருத்துதல். பெட்டியைப் பதித்து இரு திருகாணிகளை இலேசாக முடுக்குக. கைப்பிடித் தண்டைச் செருகிச் சாய்நாக்கு தடையின்றி வந்து போவதைக் கண்டபின் முழுதும் முடுக்குக. அடுத்து வெளிப்புறத் தொகுதியை ரப்பர் மெத்தையுடன் வைத்து, கம்பிவடத்தை உட்புறம் கொணர்ந்து, இணைப்பை நேராக அழுத்திச் சேர்த்து, உட்புறத் தொகுதியைப் பொருத்துக. கம்பிவடம் இரு உலோகப் பரப்புகளுக்கிடையே நசுங்கக் கூடாது. கைப்பிடித் தண்டின் பாதையிலும் இருக்கக் கூடாது. நசுங்கிய வடம் அன்றே பழுதாகாமல், சில மாதங்கள் கழித்துப் பழுதாவதும் உண்டு. இறுதி முடுக்குதலை மின்திருப்புளியால் செய்யாது கையால் செய்வதே முறை. மிகையாக முடுக்கினால் தொகுதிகள் வளைந்து கைப்பிடி தானே திரும்பிவராது.

இரும்புக் கதவில் பொருத்தும் முறை

இரும்புக் கதவு பெரும்பாலும் இரு தகடுகளுக்கிடையே காகிதத் தேனடையோ நுரைப் பொருளோ நிரப்பிய அமைப்பாகும். மரத்தைப் போல இங்கே செதுக்கித் திருத்த முடியாது, வெட்டியது வெட்டியதே. ஆகையால் பூட்டின் வரைபடத்தைக் கதவுத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே அளித்து, துளைகளையும் உட்பக்க வலுவூட்டும் தகடுகளையும் தொழிற்சாலையிலேயே அமைத்துப் பெறுவதே சிறந்தது.

கட்டடத்திலேயே வெட்ட நேர்ந்தால், மையப்புள்ளிகளைக் குத்துளியால் அடையாளமிட்டு, சிறு அலகால் வழித்துளை இட்டு, படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். கண்ணாடிக் கவசமும் கையுறையும் கட்டாயம். வெட்டிய விளிம்புகளின் பிசிறுகளை அரத்தால் முற்றிலும் நீக்குதல் வேண்டும். இப்பிசிறுகள் கம்பிவடத்தின் உறையைக் கத்திபோல் அறுக்கும். இரும்புத்தூளை உறிஞ்சியோ, காந்தத்தால் இழுத்தோ அகற்றாவிடில் அது மின்சுற்றில் படிந்து குறுக்கிணைப்பு உண்டாக்கும். பின்னர் வெட்டுவாயில் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி உலரவிட வேண்டும். கடலோர நகரங்களில் இப்பூச்சைத் தவிர்த்தால் துருவின் கறை விரைவிலேயே வெளிப்படும். மெல்லிய தகட்டில் திருகாணி நிலைக்காது. ஆதலால் முகப்புத் தகட்டுக்குப் பின்னே தடித்த தகடு வைத்து, மரை வெட்டித் திருகாணியை முடுக்க வேண்டும்.

தீத்தடுப்புக் கதவுகளைப் பற்றித் தனியே எச்சரித்தல் அவசியம். இக்கதவு, தீயை இவ்வளவு நேரம் தாங்கும் என்று பூட்டு, கீல், நிலை யாவற்றோடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றது. அதில் புதிய துளை இட்டால் சான்றின் அடிப்படையே கெடும். தயாரிப்பாளரின் எழுத்துமூல இசைவும், சோதிக்கப்பட்ட பூட்டு என்பதற்கான சான்றும் இன்றி இக்கதவுகளில் கை வைத்தலாகாது.

தாழேற்புத் தகடும் சோதனையும்

கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் முதலில் உடைவது பூட்டன்று; நிலையிலுள்ள தகடும் அதைப் பற்றியுள்ள மரமுமே. ஆயினும் வேலையின் இறுதியில், மாலை மங்கும் வேளையில், அவசரமாகப் பொருத்தப்படுவது இத்தகடே.

தாழின் முனையில் சுண்ணக்கட்டியைத் தடவி, கதவை மூடித் தாழை நீட்டினால், நிலையில் அதன் அடையாளம் படியும். அவ்விடத்திலேயே துளையிட வேண்டும். கட்டைத்தாழ் முழு நீளமும் உள்ளே செல்லுமளவு ஆழம் தேவை. அரைகுறையாக நீண்ட தாழ் பூட்டியதுபோல் தோன்றும், ஆனால் பூட்டியதாகாது. தகட்டின் திருகாணிகள் நிலையின் கட்டைக்குள் ஆழமாகச் செல்ல வேண்டும். இரட்டைக் கதவாயின், ஒரு கதவை மேலும் கீழும் தாழிட்டு நிலைநிறுத்திய பின்னரே அதனை நிலையாகக் கொண்டு தகட்டைப் பொருத்த முடியும்.

சோதனையில் ஒரு விதியை மீறலாகாது. முதற் சோதனை முழுவதும் கதவு திறந்த நிலையிலேயே நடைபெற வேண்டும். எண், அட்டை, விரல்ரேகை, இயந்திரச் சாவி, உட்புறக் கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றும் தாழை இயக்குகிறதா என்று பார்த்த பின்னரே கதவை மூடலாம். மூடிய பின் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, குறைந்தது இருபது முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பிறகு மின்கலங்களை எடுத்துவிட்டு, உட்புறக் கைப்பிடியால் கதவு திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தவறிய கதவை ஏற்றுக்கொள்ளுதல் கூடாது.

உள்ளிருந்து வெளியேறும் உரிமை

1997 ஜூன் 13 அன்று தில்லியின் உப்ஹார் திரையரங்கில் நேர்ந்த தீவிபத்தில் 59 பேர் உயிரிழந்தனர். மாடியிருக்கைப் பகுதியிலிருந்து வெளியேறும் வழியொன்று கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது அத்துயரின் காரணங்களுள் ஒன்று. வழி அடைபடுவதும் கதவு திறவாதிருப்பதும் புகை சூழ்ந்த இருளில் ஒன்றுதான்.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முறை வெளியாகி, 2016-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. வெளியேறும் கதவுகள், வெளியேறுவோர் நிற்கும் பக்கத்திலிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் தீப்பாதுகாப்புப் பகுதியின் விதிகளுள் ஒன்று. மின்னணுப் பூட்டுக்கு இதன் பொருள் தெளிவானது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்புறக் கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் சாய்நாக்கும் கட்டைத்தாழும் சேர்ந்து உள்வாங்க வேண்டும். எண்ணோ அட்டையோ விரலோ உள்ளிருப்பவரிடம் கேட்கப்படலாகாது. பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியே நிற்பவரை எவ்வாறு தடுக்கிறது என்று கேட்குமுன், உள்ளே இருப்பவரை எவ்வாறு விடுகிறது என்றே கேட்க வேண்டும்.

நல்ல பூட்டைப் பொருத்திவிட்டு அதன் பயனைக் கெடுப்பதும் உண்டு. மின்னணுப் பூட்டின் மீது முழு நம்பிக்கை வராத காப்பாளர், இரவில் விடுதியின் வெளிவாயிலில் பழைய நாதாங்கியையும் தொங்குபூட்டையும் மாட்டிச் செல்வார். அக்கணமே விதியும் பூட்டும் பயனற்றவை ஆகின்றன. ஆகவே புதிய பூட்டு பொருத்தப்படும் நாளிலேயே வெளிப்புற நாதாங்கிகளைக் கழற்றுவதும் பணியின் ஒரு பகுதியாக ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

மின்கலமும் சாவியும் ரேகையும்

பெரும்பாலான வகைகள் 1.5 வோல்ட் அல்கலைன் மின்கலங்கள் நான்கினால், அதாவது 6 வோல்ட்டில், இயங்குகின்றன. திரும்ப மின்னேற்றும் பொதுவகை மின்கலங்கள் நான்கு சேர்ந்து 4.8 வோல்ட்டே தரும். ஆதலால் பூட்டின் குறைமின் எச்சரிக்கை தவறான வேளையில் ஒலிக்கும். அல்லது பயன்படாது போகும். பழையதையும் புதியதையும் கலவாமல் நான்கையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். கழித்த மின்கலங்களைக் குப்பையில் எறியாது, 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் முறையாகும்.

மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் வெளியிலிருந்து திறக்க இயந்திரச் சாவியோ, வெளிப்புறத் தொகுதியின் முனைகளில் தற்காலிக மின்சாரம் அளிக்கும் வசதியோ இருக்கும். அச்சாவியை அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதில் பொருளில்லை. முத்திரையிட்ட உறையில், பதிவேட்டுடன், பொறுப்பலுவலரின் காவலில் அது இருத்தல் வேண்டும். தொழிற்சாலையில் அமைத்த தொடக்க எண்ணைப் பொருத்திய அன்றே மாற்ற வேண்டும். அதை மாற்றாத பூட்டு, அதன் விளக்கக் கையேட்டைப் படித்த எவருக்கும் திறக்கும்.

விரல்ரேகையைப் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். உழவர், கட்டடத் தொழிலாளர், பாத்திரம் துலக்குவோர் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்திருப்பதுண்டு. அவர்கள் தங்கும் இடத்தில் ரேகையை ஒரே வழியாக வைப்பது அவர்களைத் தம் அறைக்கே அந்நியராக்கும். எண்ணோ அட்டையோ மாற்று வழியாக இருந்தே தீர வேண்டும். ரேகை ஒருவரின் தனிப்பட்ட தரவு என்பதால், அறையைக் காலி செய்தவரின் பதிவை அன்றே அழிப்பது நிர்வாகத்தின் கடமை. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் அதுவே இசைவானது.

செலவுக் கணக்கு

பூட்டின் விலையை மட்டும் ஒப்பிட்டுக் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்து, பொருத்தும் கூலியைச் சில்லறைச் செலவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது எத்தகைய சிக்கனம் என்பதைக் காண்போம். கீழ்வரும் எண்கள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

நூறு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் பூட்டு ஒன்றின் விலை ரூ. 7,000 எனவும், அதன் ஆயுள் 8 ஆண்டுகள் எனவும் கொள்வோம். முதல் முறையில் பொருத்துக்கூலி கதவுக்கு ரூ. 300. கதவைச் செப்பனிடாமல் அவசரமாகப் பொருத்துவதால், ஆண்டுதோறும் இருமுறை மின்கலம் மாற்ற ரூ. 200, பழுது நீக்க ரூ. 500, ஆக ரூ. 700 செலவாகிறது. இரண்டாம் முறையில் கீலைச் சரிசெய்து, முறைப்படி பொருத்திச் சோதிக்க ரூ. 900 தருகிறோம். ஆண்டுச் செலவு ஒருமுறை மின்கலம் மாற்ற ரூ. 100 மட்டுமே.

எட்டாண்டுகளில் முதல் முறையின் மொத்தச் செலவு கதவுக்கு ரூ. 12,900. இரண்டாம் முறையில் ரூ. 8,700. கதவுக்கு ரூ. 4,200, நூறு அறைகளுக்கு ரூ. 4,20,000 மீதமாகிறது. தொடக்கத்தில் மிகுதியாகத் தந்த ரூ. 600 முதலாண்டிலேயே திரும்பிவிடுகிறது. எதிர்காலச் சேமிப்பை ஆண்டுக்கு 8 சதவீதம் கழித்து இன்றைய மதிப்பில் கணக்கிட்டாலும், கூடுதல் கூலி போகக் கதவுக்கு ரூ. 2,800-க்கு மேல் எஞ்சுகிறது. அறைக்குள் நுழைய முடியாமல் நள்ளிரவில் காத்து நின்றவரின் இடர்ப்பாட்டுக்கு இக்கணக்கில் மதிப்பிடவில்லை.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடங்கள் மூன்று. ஒப்பந்தத்தில் கதவைச் செப்பனிடுதல், பூட்டு, பொருத்துதல் ஆகிய மூன்றையும் தனித்தனி இனங்களாகக் காட்ட வேண்டும். முழு ஆணைக்கு முன் ஒரு மரக்கதவிலும் ஓர் இரும்புக் கதவிலும் மாதிரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். கட்டணத்தின் ஒரு பகுதியை ஒவ்வொரு கதவும் சோதனையில் தேறிய பின்னரே, ஒரு மழைக்காலமும் கழிந்த பின்னரே விடுவிக்க வேண்டும்.

தொழிலாளர் திறன்

இப்பூட்டு தச்சர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்னும் மூன்று தொழில்களின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கப்பட்ட காலந்தொட்டு நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தொழில்களைத் தனித்தனிப் பிரிவுகளாகவே கற்பித்து வந்துள்ளன. விளைவாக, குழி வெட்டத் தெரிந்தவர் கம்பிவடத்தைத் தொட அஞ்சுகிறார். கம்பி இணைக்கத் தெரிந்தவர் உளியைப் பிடிக்க அறியார். இடைவெளியை நிரப்ப நீண்ட பாடத்திட்டம் தேவையில்லை. மரக்கதவிலும் இரும்புக் கதவிலும் பொருத்திப் பழக வாய்ப்பளிக்கும் சில நாள் பயிற்சியே போதுமானது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சுத் தொழிலும் பூட்டுத் தொழிலும் இடம்பெற்றுள்ளன என்பது இங்குக் கருதத்தக்கது. அடிப்படைப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ. 500 உதவித்தொகை, கருவிகள் வாங்க ரூ. 15,000 வரை ஊக்கத்தொகை ஆகியவற்றுக்கு அத்திட்டம் வழி செய்கிறது. அலிகாரிலும் திண்டுக்கல்லிலும் கைத்தொழிலாகப் பூட்டுச் செய்தோரின் பிள்ளைகளுக்கு, பூட்டின் உட்பொறியை அறிந்த கண்ணும் அரம் பிடித்த கையும் மரபாகவே வாய்த்துள்ளன. மின்னணுப் பூட்டைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் அவர்களைப் பயிற்றுவித்தால், தொங்குபூட்டின் தேவை குறைந்தாலும் அவர்கள் தொழில் குறையாது.

முடிவாக, பொறுப்பலுவலர் ஒவ்வொருவரும் தம் கட்டடத்தில் இவ்வாரமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறைக்குள் சென்று கதவை மூடிப் பூட்டுக. மின்கலங்களைக் கழற்றுக. வெளியே ஒருவரைத் துணைக்கு நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையால் ஒரே அழுத்தில் கதவைத் திறந்து வெளிவர முயல்க. இதில் தேறாத கதவுகளின் எண்களைப் பதிவேட்டில் குறித்து, அவற்றின் பழுதை முதலில் நீக்குக. எஞ்சிய பணிகளை அதன்பின் வரிசைப்படுத்தலாம்.